நிரந்தர நோயாளியைத் தொடக்கூடாது

பதினான்கு வருஷமாக ஆம்புலன்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் அக்கா, போன மூச்சை எத்தனையோ பேருக்குத் திரும்பப் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். அவர்களில் ஒருவரிடம்கூட, "இப்போது உங்கள் மூச்சைத் திரும்பப் பிடித்துக் கொடுக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. வேலையைச் செய்வாள், கையைக் கழுவுவாள், அடுத்த அழைப்புக்கு ஓடுவாள். அதுதான் வம்பாகப் போயிற்று.

அக்காவை ஊரே அக்கா என்றுதான் கூப்பிடும். அடிபட்டு வண்டியில் ஏறுகிற எழுபது வயதுக்காரர்கூட, "அக்கா, மெதுவா" என்பார். வலி வந்தவன் வயசு பார்ப்பதில்லை.

மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அவளுடைய சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். இதுவரை யாராவது ஒரு டாக்டர் வருவார். நாலு கேள்வி கேட்பார், ஒரு கட்டுப் போடச் சொல்லிப் பார்ப்பார், "நீங்க எனக்குச் சொல்லித் தரலாம்போல இருக்கே" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். இந்த வருஷம் அப்படியில்லை. 'அவசர உதவியாளர் தகுதி உறுதி மையம்' என்று ஒன்று முளைத்திருந்தது. அதற்கு ஓர் இயக்குநர் வந்திருந்தார். வந்த கையோடு, 'இன்றியமையாத அறிவும் திறனும்' என்று நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு வழிகாட்டிப் புத்தகம் போட்டிருந்தார். அதன்படி தேர்வு நடக்கும். தேறாதவர்கள் வண்டியிலிருந்து இறங்கிக் கிடங்குக்குப் போய்ப் பஞ்சுப் பொட்டலம் அடுக்க வேண்டும்.

"பஞ்சு அடுக்கறதா? நானா?" என்றாள் அக்கா.

"அடுக்க வேண்டாம்னா படி" என்றார் வீட்டுக்காரர்.

அவர் தையல்காரர். அரை அங்குலம் பிசகினாலும் பிரித்துத் தைக்கிறவர். அவரே புத்தகத்தை வைத்துக்கொண்டு பாடம் நடத்தினார். சமையலறைத் தரையில் நோயாளியாக மல்லாந்து படுத்தார். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் கழுத்தில் நாடி பார்த்தாள்.

படுத்திருந்தவர் ஒரு கண்ணைத் திறந்தார். "பூஜ்யம்."

"ஏனாம்?"

"பக்கம் முப்பத்தொண்ணு. முதல்ல 'இடம் பாதுகாப்பானது'ன்னு உரக்கச் சொல்லணும்."

"நம்ம வீட்டுச் சமையலறைதானே!"

"அதைச் சொன்னியா? சொல்லலையே. அப்புறம், 'கையுறை அணிகிறேன்'னு சொல்லணும்."

"போட்டுக்கிட்டா போதாதா?"

"போட்டுக்கிட்டா மார்க் இல்லை. சொன்னாதான் மார்க். போடாம சொன்னாக்கூட மார்க் உண்டு, அடிக்குறிப்புல இருக்கு பாரு." அவரே எழுந்து உட்கார்ந்துவிட்டார். "எனக்கே சந்தேகமா இருக்குடி. இதை எழுதினவன் யாரையாவது தூக்கிவிட்டிருப்பானா?"

*

தேர்வு நாளன்று ஊரிலுள்ள இருபத்திரண்டு ஆம்புலன்ஸ் ஊழியர்களும் மையத்தின் பெரிய கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வாசலிலேயே பழைய சான்றிதழ்களை வாங்கி ஓர் இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். பழையதைக் காட்டி யாரும் ஏமாற்றிவிடக் கூடாதாம். ஓட்டுநர்களுக்குத் தேர்வு கிடையாது. அவர்கள் வெளியே வண்டிகளோடு மர நிழலில் நின்றார்கள். அக்காவின் ஓட்டுநருக்குச் 'சைரன்' என்று பெயர். வண்டியில் இருக்கிற சைரன் கெட்டுப்போனாலும் அவர் குரலே போதும்.

இயக்குநர் மேடையேறினார். மடிப்புக் கலையாத கோட்டு. அந்தக் கோட்டில் ஒரு சொட்டு இரத்தமும் பட்டதில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

"சகோதர சகோதரிகளே! இத்தனை வருஷமா நீங்க உயிரைக் காப்பாத்திக்கிட்டு இருக்கீங்க. ஆனா சரியான முறையில காப்பாத்தினீங்களா? அதுக்கு ஆதாரம் இருக்கா? பிழைச்சவங்க இருக்காங்கன்னு சொல்வீங்க. பிழைச்சவங்க ஆதாரம் ஆக மாட்டாங்க. அவங்க உங்க மேல நன்றியோட இருக்கறவங்க, பாரபட்சம் உள்ளவங்க."

கூடத்தில் யாரோ இருமினார். இயக்குநர் அந்தப் பக்கம் கூர்ந்து பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

"ஊழியர் எல்லாரும் இங்கே இருந்தா ஊர் என்ன ஆகும்னு ஒரு பத்திரிகைக்காரர் கேட்டார். நாங்க பொறுப்பில்லாதவங்க இல்லை. இன்னைக்குக் காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் பொதுமக்கள் அவசரங்களைத் தவிர்க்கணும்னு போன வாரமே அறிவிப்புக் கொடுத்துட்டோம். கடைசியா ஒண்ணு. இன்னைக்கு இந்த வளாகத்துல ஒரு மறைமுகத் தேர்வும் இருக்கு. எங்கே, எப்போ, யார் மூலமான்னு சொல்ல மாட்டோம். கண்ணால பாக்கறதை நம்பாதீங்க. சந்தேகப்படுங்க. சந்தேகம்தான் தரத்துக்கு அஸ்திவாரம்."

அவ்வளவுதான். அந்த நிமிஷத்திலிருந்து இருபத்திரண்டு பேருக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே பயமாகிவிட்டது. வாசலில் கண்ணயர்ந்த காவலாளியை மூன்று பேர் சூழ்ந்துகொண்டு, "ஐயா, கண்ணைத் திறக்க முடியுதா?" என்று கத்தினார்கள். அவர் பதறி எழுந்தபோது தொப்பி ஒரு பக்கமும் தடி ஒரு பக்கமும் போயின. தும்மிய அலுவலகப் பெண்ணின் முன்னால் ஐந்து பேர், "இடம் பாதுகாப்பானது" என்று ஒரே குரலில் அறிவித்தார்கள். அவள் அதற்கப்புறம் கதவைத் தாழிட்டுக்கொண்டு வெளியே வரவில்லை.

முதல் அறை பொம்மை அறை. நெஞ்சை அழுத்தி இதயத்தை இயக்கும் பயிற்சிக்கான பொம்மை மேசைமேல் கண்ணாடித்தாள் உறைக்குள் படுத்திருந்தது. பக்கத்தில் எழுத்துப் பலகையோடு ஒரு பெண்மணி நின்றார். தேர்வாளர்.

புத்தகத்தில் அந்த அறைக்கென்று போட்டிருந்த நாலு வாக்கியத்தையும் அக்கா ஒப்பித்தாள். பிறகு, கை பழகிய பழக்கம், உறையோடு சேர்த்து நடுநெஞ்சில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து ஓர் அழுத்து அழுத்தினாள். 'டக்' என்று சத்தம் கேட்டது.

தேர்வாளர் அலறிவிட்டார். "என்ன பண்றீங்க? அழுத்தறேன்னு சொல்லத்தானே சொன்னோம்! பொம்மைக்கு விலா எலும்பு போச்சு!"

"நல்லா அழுத்தினா ஒண்ணு ரெண்டு எலும்பு போறது சகஜம்தாங்க. உயிர் வந்தா எலும்பு தானா கூடிடும்."

"உயிர் வந்துதா?"

அக்கா பொம்மையைப் பார்த்தாள். "இல்லை."

"அப்போ எலும்பு மட்டும்தான் போயிருக்கு" என்று எழுதிக்கொண்டார் தேர்வாளர். பத்துக்கு இரண்டு. சட்டம் தெரிந்தவர், சட்டப்படி கொடுத்தார். "அடுத்த அறையில ஜாக்கிரதையா இருங்க. அங்கே இருக்கறது பொம்மை இல்லை. அவரை ஒரு விரல் தொட்டாலும் நேரே வெளியேற்றம். போன மாசம் ஒத்திகையில ஒருத்தர் கட்டை இறுக்கிப் போட்டு, அவருக்குக் கை மரத்துப்போய்ப் புகார் வந்திருக்கு."

*

அவர் என்று சொன்னது நிரந்தர நோயாளியை. அதுதான் அவருடைய பதவி. ஆயுசில் பாதியை நாடக மேடையில் கழித்துவிட்டு, இப்போது மையத்தில் நோயாளியாக நடிக்க வேலைக்குச் சேர்ந்திருந்தார். அறைக்கு வெளியே நீள்பலகையில் உட்கார்ந்து தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். அக்காவும் முறைக்காகக் காத்திருந்தாள்.

"இந்த இடத்துல ஒத்திகைன்னே நான் முந்நூறு தடவை மயங்கி விழுந்திருக்கேன்மா" என்றார் அவர். "மேடையில ராஜாவா செத்தப்போகூட இவ்வளவு கூட்டம் என்னைக் குனிஞ்சு பாத்ததில்லை."

"இன்னைக்கு உங்களுக்கு என்ன?"

"வலது கால் முறிவு. அட்டையில போட்டிருக்கு." கழுத்தில் தொங்கிய அட்டையைக் காட்டினார். ஆனால் அவர் கை காலுக்குப் போகவில்லை. மறுபடி தாடைக்கே போனது. நெற்றியில் ஈரம் மின்னியது.

"வேர்க்குதே ஐயா."

"நடிப்புக்குச் சூடு ஏத்திக்கறேன்."

அக்காவின் கை, அவர் மணிக்கட்டைப் பிடிக்கத் தானாகவே நீண்டது. பாதி வழியில் நின்றது. 'சந்தேகப்படுங்க' என்றாரே அந்தக் கோட்டுக்காரர்! கால் முறிந்தவர் தாடையைத் தேய்ப்பானேன்? கேள்வியே இதுதானோ? இப்போது தொட்டால் பஞ்சுக் கிடங்கு. தொடாவிட்டாலும் கவனிக்கவில்லை என்று மார்க் போய்விடுமோ? பதினான்கு வருஷத்தில் முதல்முறையாக, ஒரு மனிதரைப் பார்த்து 'நிஜமா, வேஷமா' என்று அவள் யோசித்துக்கொண்டு நின்றாள். யோசிக்கிறோம் என்பதே அவளுக்குப் பிடிக்கவில்லை. கையை இழுத்துக்கொண்டாள்.

மணி அடித்தது. ஐந்து பேர் வரிசையாக உள்ளே போனார்கள். இயக்குநரும் வந்து பின்னால் நாற்காலியில் அமர்ந்தார். நிரந்தர நோயாளி அறையின் நடுவே வந்தார். வலது காலைப் பிடிக்க வேண்டியவர் நெஞ்சைப் பிடித்தார். உதடு சாம்பல் பூத்தது. அப்படியே முட்டி மடங்கி, பக்கவாட்டில் சரிந்து, தலை தரையில் மோத விழுந்தார்.

"பிரமாதம்!" என்றார் இயக்குநர். "இந்த மனுஷன்கிட்ட தினம் ஒரு புது நயம்."

தேர்வாளர் அட்டையைப் பார்த்தார். "கால் முறிவுன்னு போட்டிருக்கே... ஓ! மறைமுகத் தேர்வா சார்?"

இயக்குநர் ஒரு கணம் விழித்தார். மறைமுகத் தேர்வு உணவுக்கூடத்தில்தான் ஏற்பாடாகியிருந்தது. ஆனால் தனக்குத் தெரியாமல் தன் மையத்தில் ஒன்று நடக்கிறது என்று ஒப்புக்கொள்கிறவர்கள் இயக்குநராக ஆவதில்லை. "அதை உங்ககிட்ட நான் சொல்லக் கூடாது" என்று புன்னகை செய்தார்.

வரிசையில் முதலில் நின்றவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இடம் பாதுகாப்பானது" என்றார்.

"கையுறை அணிகிறேன்" என்றார் இரண்டாமவர்.

தரையில் கிடந்தவரிடமிருந்து கர் என்று ஒரு மூச்சு இழுபட்டது. நின்றது. வெகுநேரம் கழித்து இன்னொன்று.

அந்தச் சத்தத்தை அக்கா அறிவாள். இருமலை நடிக்கலாம், வலிப்பை நடிக்கலாம். முகம் நிறைய முத்து முத்தாக வேர்வையை எந்த நடிகனாலும் கேட்டு வாங்க முடியாது. வரிசையை உடைத்துக்கொண்டு போய் மண்டியிட்டாள். தோளைத் தட்டினாள். பதில் இல்லை. கழுத்தில் விரல் வைத்தாள்.

"தொட்டுட்டாங்க!" என்றார் தேர்வாளர். பேனா ஓடியது. "வெளியேற்றம்!"

"சரி, எழுதிக்கங்க. எழுதிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!" அக்காவின் கைகள் நடுநெஞ்சில் இறங்கின. ஒன்று, இரண்டு, மூன்று. "இது நிஜம்! யாராவது வெளியில ஓடி எங்க வண்டியில இருக்கற ஷாக் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லுங்க!"

"ஷாக் பெட்டி கோருகிறேன்" என்று மூன்றாமவர் உரக்கச் சொல்லிவிட்டு அங்கேயே நின்றார்.

தேர்வாளருக்கு அதற்குள் முகம் வெளிறிவிட்டது. அவசர எண்ணைச் சுற்றினார். போனின் ஒலிபெருக்கியில் பதில் வந்தது. "மன்னிக்கணும். ஊழியர் இருபத்திரண்டு பேரும் இன்னைக்குத் தகுதி உறுதி மையத்துல இருக்காங்க. பக்கத்துல அவங்கள்ல யாராவது தென்படறாங்களான்னு பாருங்க."

அக்கா அழுத்திக்கொண்டே இருந்தாள். நூறு தாண்டியதும் தோள் கடுத்தது. "கை மாத்துங்க யாராவது! சீக்கிரம்!"

"கை மாற்றுகிறேன்" என்றார் முதலாமவர், பார்வை முழுக்கத் தேர்வாளரின் பேனாமேல்.

"வாயால மாத்தாதய்யா! கையால மாத்து!"

வரிசையின் கடைசியில் நின்றவரை எல்லாரும் மொட்டை என்பார்கள். அக்காவோடு பழைய வண்டியில் ஓடியவர். இரண்டு பிள்ளைகளின் தகப்பன், வேலை போய்விடக் கூடாது என்று ராவும் பகலும் படித்தவர். அவர் இயக்குநரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "போங்கடா நீங்களும் உங்க பரீட்சையும்" என்று சட்டைக்கையை மடித்துக்கொண்டு வந்து மண்டியிட்டார். அக்கா ஜன்னலுக்கு ஓடி, "சைரன்! ஷாக் பெட்டி!" என்று கத்தினாள். கீழே காவலாளி, சான்றிதழ் இல்லாத யாரும் வண்டிச் சாமான் எதையும் எடுக்கக் கூடாது என்று விதி வாசிக்கத் தொடங்கினார். சைரன் ஒரு குரல் கொடுத்தார். காவலாளிக்கு விதி மறந்துபோயிற்று.

ஷாக் பெட்டி அவர் நெஞ்சுக்கு இரண்டு முறை அதிர்ச்சி கொடுத்தது. இரண்டாவது முறைக்குப் பிறகு நிரந்தர நோயாளியின் நெஞ்சு தானாக ஏறி இறங்கியது.

இயக்குநர் எழுந்து நின்று கை தட்டினார். இன்னமும் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. "நடிப்பு முடிஞ்சுதா?" என்று தேர்வாளரின் காதில் கேட்டார்.

*

பத்தாம் நாள் கடிதம் வந்தது. வீட்டுக்காரர் ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு உரக்கப் படித்தார்.

'அன்றைய அட்டையின்படி நோயாளிக்கு ஏற்பட்டது வலது கால் முறிவு. விண்ணப்பதாரர் கடைசி வரை வலது காலைக் கவனிக்கவே இல்லை. அட்டையில் இல்லாத நோய்க்குச் சிகிச்சை அளித்துள்ளார். இடம் பாதுகாப்பானது என்று அறிவிக்கவில்லை. தேர்வாளரிடம் குரலை உயர்த்தினார். ஆகவே தேறவில்லை.'

"அந்த மனுஷன் பிழைச்சாரா இல்லையா?" என்றார் வீட்டுக்காரர்.

"பிழைச்சார்."

"அதை எங்கேயும் போடலையே."

"அதுக்கு இடம் இல்லை படிவத்துல."

அக்காவும் மொட்டையும் கிடங்கில் பஞ்சுப் பொட்டலம் அடுக்கினார்கள். அவளுடைய வண்டியில், வாக்கியங்களைப் பிழையில்லாமல் சொன்ன முதலாமவர் ஏறிக்கொண்டார். முதல் வாரமே சைரன் கிடங்குக்கு வந்து புலம்பினார். "அக்கா, அந்தாளு விபத்து நடந்த இடத்துல இறங்கி, நடுரோட்டுல நின்னு, இடம் பாதுகாப்பானதுன்னு அறிவிச்சுக்கிட்டு இருக்கார். பின்னாடி லாரி வருது! நான் போய்த் தூக்கிட்டு வந்தேன், நோயாளியை இல்லை, அவரை!"

அக்கா சிரிக்கவில்லை. அன்றே மேல்முறையீடு எழுதினாள். நிஜமாகவே மாரடைப்புத்தான் வந்தது என்று நிரந்தர நோயாளி ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவருக்கும் மையத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. அனுமதி பெறாத நோயை வேலை நேரத்தில் வெளிப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள்.

"இத்தனை வருஷமா பொய்யா செத்தேன், எல்லாரும் நம்பினாங்க" என்றார் அவர். "ஒரே ஒரு தடவை நிஜமா செத்தேன். அன்னைக்குத்தான்மா சந்தேகப்பட்டாங்க."

"நானும்தான் ஐயா. பலகையில உக்காந்திருந்தப்பவே உங்க கையைப் பிடிச்சிருக்கணும். பிடிக்கலை."

அவர் மணிக்கட்டை அவள் முன்னால் நீட்டினார். அக்கா நாடி பார்த்தாள். ஒழுங்காக ஓடியது.

மேல்முறையீட்டுக்கு இயக்குநரே நேரில் பதில் சொன்னார். "சாட்சிக் கடிதம் படிச்சேன். எழுதினவர் யாரு? நோயாளியா நடிக்கறதையே தொழிலா வெச்சிருக்கறவர். அவர் நோயைப் பத்திச் சொல்றதை எப்படிம்மா நம்பறது?"

"ஆஸ்பத்திரி அறிக்கை இருக்கு சார்."

"ஆஸ்பத்திரிக்கு அவரை யார் கொண்டுபோனது? நீங்க. அப்போ அந்த அறிக்கையும் உங்க சார்பானது. கோவிச்சுக்காதீங்க. உங்க மேல எனக்குத் தனிப்பட்ட சந்தேகம் இல்லை. எல்லார் மேலயும் இருக்கு. வேணும்னா மறுதேர்வு எழுதுங்க."

அக்காவுக்கு வாய் வரைக்கும் ஒரு வசவு வந்தது. வண்டியை நினைத்து விழுங்கினாள்.

மறுதேர்வன்று அறையில் வெறும் கட்டில் கிடந்தது. நிரந்தர நோயாளி இன்னும் படுக்கையில் இருந்தார், அந்தப் பதவிக்கு வேறு ஆள் போடவில்லை. பொம்மையும் விலா எலும்புப் பழுதுக்காக வெளியே போயிருந்தது. கட்டிலின்மேல், 'நோயாளி இருப்பதாகக் கருதவும்' என்று ஒரு காகிதம்.

அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். வெறும் கட்டிலைப் பார்த்து, இடம் பாதுகாப்பானது என்றாள். கையுறை அணிகிறேன் என்றாள். கழுத்தில் நாடி பார்க்கிறேன், நெஞ்சை அழுத்துகிறேன், முப்பது அழுத்துக்கு இரண்டு மூச்சுத் தருகிறேன், கை மாற்றுகிறேன், என்று நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் நின்ற இடத்திலிருந்து அசையாமல் சொல்லி முடித்தாள். மெத்தை விரிப்பில் ஒரு சுருக்கம் விழவில்லை.

இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. "நூத்துக்கு நூறு! இந்த மையத்துல முதல் நூறு! பாத்தீங்களா, முறைப்படி செஞ்சா யாருக்கும் ஒரு கஷ்டமும் இல்லை. உங்களை மாதிரி ஆளு வண்டியில வீணாகக் கூடாது. இங்கே பயிற்சியாளரா வந்துடுங்க."

"வண்டியிலேயே வீணாகிக்கறேன் சார். அடுத்து மொட்டை வெளியில நிக்கறார், அவருக்கும் இதே கட்டிலையே போடுங்க" என்று சான்றிதழை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

மர நிழலில் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. ஏதோ கட்டுமான இடத்தில் சாரம் சரிந்துவிட்டதாம், இரண்டு பேர் கீழே. அக்கா ஏறிக் கதவைச் சாத்துவதற்குள் சைரன் வண்டியை எடுத்துவிட்டார்.

"என்னக்கா ஆச்சு?" என்றார், முன்னால் போன பேருந்தை ஒதுங்கச் சொல்லிக் கையை ஆட்டியபடி.

"நூத்துக்கு நூறு."

"அட! கஷ்டமான கேஸா? என்ன வியாதி கொடுத்தாங்க நோயாளிக்கு?"

அக்கா பல்லால் கடித்துக் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தாள். "நோயாளியே இல்லை" என்றாள். "அதான் நூறு."